சத்தம் வராத வீடியோ

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால் தெருவில் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். கத்திரி என்று கேட்டால் வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டுத்தான் போவார்கள். கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுத்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். யாராவது பேச்சை இழுத்துக்கொண்டே போனால் அவருடைய இரண்டு விரல்களும் தாமாக விரிந்து விரிந்து மூடும். பெண் பார்க்கப் போன அன்று மாமனார் தன் குடும்பப் பெருமையைப் பேச ஆரம்பித்தபோதும் மூடின. அந்தக் கதையை அவர் மனைவி இன்றைக்கும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி மானத்தை வாங்குவாள்.

இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டார். வீட்டின் முன்னறைதான் கடை. வயதான ஒரு கம்ப்யூட்டர், அதைவிட வயதான ஒரு நாற்காலி, காதை முழுங்கும் ஹெட்போன், ஜன்னலில் கறுப்புத் துணி. வீடியோ எடுக்க அவரை யாரும் கூப்பிடுவதில்லை. எல்லார் கையிலும் போன் இருக்கிறது. எடுத்த வீடியோ ஓடாதபோதுதான் அவர் நினைப்பு வரும். "நேத்து வரைக்கும் நல்லாத்தான் சார் இருந்துச்சு, இன்னைக்குத் திறக்கவே மாட்டேங்குது" என்று பறந்துகொண்டு வருவார்கள். "செத்துப்போன எல்லாரும் அதுக்கு முந்தின நாள் வரைக்கும் நல்லாத்தான் இருந்தாங்க, உட்காருங்க" என்பார். வாய் கொஞ்சம் அப்படித்தான்.

ஆனால் வேலையில் கை சுத்தம். ஃபைலின் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்துகளை அவர் நம்பவே மாட்டார். அது வெறும் பெட்டி. ஒரே மாதிரி இரண்டு பெட்டிக்குள் இரண்டு வேறு சரக்கு இருக்கும். சில போன்கள் படத்தைச் சுருக்கி மடிக்கும் விதம் பழைய எடிட்டிங் சாஃப்ட்வேருக்குப் புரியாது. படம் மட்டும் புரிந்து சத்தம் புரியாமல் போகும், அல்லது சத்தம் மட்டும் ஓட, திரை கறுப்பாக நிற்கும். பெட்டியைத் திறந்து, உள்ளே இருப்பதைப் புரிகிற விதத்தில் மடித்துக் கொடுப்பதுதான் அவர் பிழைப்பு.

அப்படி ஒரு மத்தியானம் ஒரு பெண் பென் டிரைவோடு வந்து நின்றாள். முப்பது வயதிருக்கும். வேறு ஊரில் மருந்துக்கடையில் வேலை, லீவில் அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள்.

"இதுல ரெண்டு ஃபைல் இருக்கு சார். ஒண்ணுல படம் மட்டும் வருது. இன்னொண்ணுல சத்தம் மட்டும். ரெண்டையும் சேர்க்கணும். நானே வீட்ல சாஃப்ட்வேர் போட்டுப் பார்த்தேன், இந்த ஃபைலை எடுத்துக்க முடியாதுன்னு திருப்பித் திருப்பிச் சொல்லுது."

"சத்தம் எப்படிம்மா தனியா வந்துச்சு?"

"அப்பா போன்ல எடுத்த வீடியோ. அவர் தவறினப்புறம் அம்மாவுக்குப் புது போன் வாங்கினோம். கடையில அதுக்கு மாத்திக் கொடுத்தப்ப சத்தம் காணாமப் போச்சு. தேடிப் பாரும்மான்னு அம்மாகிட்ட சொல்லிட்டே இருந்தேன். போன மாசம், சத்தம் தனியா எங்கிட்ட இருக்குன்னு அவங்களே அனுப்பினாங்க."

கத்திரிக்கு நெருடியது. படத்தை விட்டுவிட்டுச் சத்தம் தனியாகக் கிளம்பிப் போய் இன்னொரு இடத்தில் குடியிருக்குமா? ஆனாலும் வாடிக்கையாளர்கள் ஃபைல்களைப் படுத்தும் பாட்டை எத்தனையோ பார்த்தவர். மேற்கொண்டு கேட்கவில்லை.

அவள் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு சொன்னாள்.

"அப்பா கடைசி சில மாசம் எங்கிட்டப் பேசல சார். எப்பக் கூப்பிட்டாலும் அம்மாதான் எடுப்பாங்க. தூங்குறார்ம்பாங்க, வெளிய போயிருக்கார்ம்பாங்க. நான் இந்த வேலைக்குப் போனது அவருக்குப் பிடிக்கல. ஆனா அது எப்பவோ சரியாயிடுச்சுன்னு நெனச்சேன். திடீர்னு ஒருநாள் ஹார்ட் நின்னுபோச்சு. என்ன கோபம்னே தெரியாம அனுப்பிட்டேன்." பென் டிரைவைத் தொட்டுக் காட்டினாள். "இதுல அம்மா கேக்குறாங்க, அவகிட்டப் பேசுங்களேன்னு. அதுக்கு அப்பா வாய் அசையுது. என்ன சொன்னார்னு எனக்குத் தெரிஞ்சாகணும் சார். திட்டியிருந்தாலும் பரவாயில்ல."

கத்திரியின் விரல்கள் அன்றைக்கு அசையவே இல்லை.

மறுநாள் மத்தியானம் வேலையை எடுத்தார். படத்தைப் பழைய சாஃப்ட்வேருக்குப் புரிகிற மாதிரி மாற்றினார். ஒரு சாப்பாட்டு மேசை. எதிரெதிரே அப்பாவும் அம்மாவும். முன்னால் இரண்டு கப். போனை எதன் மீதோ சாய்த்து நிறுத்தியிருக்கிறார்கள். பின்னால் ஜன்னல், வெளியே நல்ல மழை. மேலே ஓடும் ஃபேனின் நிழல் மேசை மீது சுற்றிக்கொண்டிருந்தது.

சத்தத்தைப் படத்துக்குக் கீழே போட்டார். போன் ஒரே வேகத்தில் படம் பிடிக்காது, வெளிச்சம் குறைந்தால் சோம்பல் படும். அதனால் போகப்போக உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் என்று பிரிந்துவிடும். கண்ணுக்கும் காதுக்கும் ஒன்றாகத் தெரிகிற ஏதாவது ஒன்றைப் பிடித்து அதில் ஆணியடிக்க வேண்டும். அப்பா கப்பை மேசையில் வைக்கும் இடம் கிடைத்தது. சத்தத்திலும் 'டக்' கிடைத்தது. அடித்தார். அம்மாவின் உதடும் பேச்சும் பிசகாமல் உட்கார்ந்தன.

"டீ ஆறிடும், குடிங்க."

அப்பாவின் வாய் அசைந்தது. சத்தம் இல்லை.

"அதெல்லாம் நான் பாத்துக்கிறேன்."

மறுபடி அவர் வாய் அசைந்தது. சத்தம் இல்லை. அம்மா சிரித்தாள், நல்ல நகைச்சுவையைக் கேட்டவள் சிரிக்கிற சிரிப்பு.

"அவகிட்டப் பேசுங்களேன். உங்க பொண்ணுதானே."

அப்பா நெடுநேரம் வாயசைத்தார். ஹெட்போனில் கிணற்றுக்குள் தலையை விட்ட மாதிரி அமைதி.

"சரி, சரி. நான் சொல்லல."

கத்திரி சத்தத்தை ஏற்றினார். இன்னும் ஏற்றினார். ஒரு மனிதனின் குரல் மட்டும் அப்படித் தனியாகக் கரைந்து போகாது. இருவர் பேசிய அறையில் ஒருவரை மட்டும் எந்த மெஷினும் விட்டுவைக்காது. பிறகு தன் வழக்கமான வேலையைச் செய்தார். எந்தப் பதிவிலும் யாரும் பேசாத ஒரு துண்டைப் பிடிப்பார். அதில் இருப்பது ஃபேன், தெரு, மெஷினின் இரைச்சல். அதைத் தேர்ந்தெடுத்து இதுதான் குப்பை என்று கம்ப்யூட்டருக்குக் காட்டினால், அதே மாதிரி இருப்பதையெல்லாம் பதிவு முழுவதிலும் துடைத்து எடுத்துவிடும். அப்பா வாயசைக்கும் இடத்தையே குப்பையாகக் காட்டினார்.

துடைக்க அங்கே ஒன்றுமே இருக்கவில்லை. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. திரையில் மழை கொட்டுகிறது, மழைச் சத்தம் இல்லை. ஃபேன் ஓடுகிறது, ஃபேன் சத்தம் இல்லை. திரைச்சீலை படபடக்கிறது, காற்று இல்லை. அம்மாவின் குரலும் கப்பின் 'டக்'கும் மட்டும்தான் கேட்டன. அவள் பேசிவிட்டுக் காத்திருந்தாள். அவர் வாயை மூடுகிற அதே நொடியில் அடுத்ததைச் சொன்னாள். கேட்காத பேச்சுக்கு ஒருவர் எப்படி இவ்வளவு அளவாகக் காத்திருக்க முடியும்? ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்பீக்கரில் போட்டார். அறையில் இன்னொரு ஆள் குரல் கேட்டால் கொஞ்சம் தைரியமாக இருக்கும் என்று நினைத்தார். அது தப்பு.

அடுப்படியிலிருந்து மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பேய் படம் என்றால் கொள்ளை ஆசை, இந்தக் குரல் பிடிக்கவில்லை.

"யாருங்க அந்தம்மா? கேட்டுட்டுக் கேட்டுட்டுக் காத்துக்கிட்டே இருக்காங்க. யாராவது பதில் சொல்லித் தொலைங்களேன். டீ குடிங்கன்னு சொன்னப்ப நான் பாட்டுக்கு ஆச்சுன்னு சொல்லிட்டேன்."

"சத்தம் வரல, அதான் பார்த்துக்கிட்டிருக்கேன்."

"வராம என்ன? அவங்களுக்கு வருது. முகத்தைப் பாருங்க, கேட்டுட்டுத்தான் இருக்காங்க."

கத்திரி உடனே அதை நிறுத்தினார். அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டு வரச் சொன்னார்.

சாயங்காலம் வந்தாள். நடந்ததைச் சொல்லி, சேர்த்து வைத்ததை ஓடவிட்டார். அம்மாவின் குரல் ஸ்பீக்கரில் பெரிதாக வந்ததும் அவள் முகம் மாறியது. போனில் கேட்டபோது தெரியாத ஏதோ ஒன்று இப்போது தெரிந்துவிட்டது.

"நிறுத்துங்க. மறுபடி அந்த 'சரி சரி' போடுங்க."

போட்டார். ஒவ்வொரு 'ச'விலும் பல்லிடுக்கில் காற்று போகிற மாதிரி மெல்லிய விசில் ஒன்று வந்து போனது.

"இது பல் செட் சார். அம்மா பல் கட்டினது அப்பா போனதுக்கு அப்புறம். நான்தான் கூட்டிட்டுப் போனேன்." அவள் திரையில் வாயசைத்துக்கொண்டிருந்த அப்பாவையே பார்த்தாள். "இந்தச் சத்தம் எடுத்தப்ப அப்பா இல்ல சார்."

கத்திரி சட்டென்று திரையை அணைத்தார். மனைவி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெண்தான் முதலில் எழுந்தாள். "நீங்களும் வாங்க சார். எனக்குத் தனியாப் போகப் பயமா இருக்கு." கத்திரிக்கும் பயமாகத்தான் இருந்தது, சொல்லவில்லை. வெளிவேலைக்கென்று வைத்திருந்த லேப்டாப்பையும் ஹெட்போனையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

பக்கத்துத் தெருதான். இன்னும் வெளிச்சம் இருந்தது. கேட்டைத் திறந்து உள்ளே போகும்போதே குரல் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். அதே மேசை. அம்மா தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே நாற்காலி காலி. அதன் முன்னாலும் ஒரு கப், ஆவி பறந்துகொண்டு.

"குழாய் இன்னைக்கும் ஒழுகுது. ஆளை வரச் சொல்லட்டுமா?"

தலையைச் சாய்த்துக்கொண்டு எதிர் நாற்காலியைப் பார்த்தாள். நாம் எல்லாரும் பேசுகிறவர் முகத்தை எப்படிப் பார்ப்போமோ அப்படி. பார்வை கொஞ்சம் கீழே, உதடு இருக்கும் உயரத்தில் நின்றது. பிறகு சிரித்தாள். "அதுவும் சரிதான். நீங்க பண்ணினா இன்னும் ஒழுகும்."

பெண்ணின் கை கத்திரியின் சட்டையைப் பிடித்திருந்தது. அவருக்குத் திரும்பி ஓடிவிடலாமா என்றிருந்தது. அவள் கதவைத் தள்ளினாள்.

அம்மா பதறவில்லை. இரண்டு பேரையும், பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த லேப்டாப்பையும் பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

"கண்டுபிடிச்சிட்டியா?"

"என்னம்மா பண்ணிட்டிருக்க? அந்தச் சத்தம் என்னது?"

"நான்தான் பேசி எடுத்தேன். உன் தொல்லை தாங்காமத்தான். ஃபேனை நிறுத்தி, கதவைச் சாத்திட்டு, வீடியோவை ஓடவிட்டு என் பங்கைப் பேசினேன். அவர் கப் வைக்கிற இடத்துல நானும் வச்சேன். எங்க பேச்சு எனக்குத் தெரியாதா?" கத்திரியைப் பார்த்தாள். "தம்பி மன்னிக்கணும். அப்பா குரல் வரலைன்னா உங்க மெஷின் மேல பழி போகும்னு விட்டுட்டேன்."

"ஏம்மா? எதுக்கு?"

அம்மா முந்தானையை விரலில் சுற்றினாள். "உங்கப்பாவுக்குக் குரல் இல்லடி. தொண்டையில ஒரு கட்டி. வாய் வழியாவே எடுத்துட்டாங்க, குரலும் அதோட போயிடுச்சு. வெறும் காத்துதான் வரும். பேசிப் பழகினா திரும்பும்னு டாக்டர் சொன்னார். எப்படி வருதுன்னு பாக்கத்தான் அவரே போனை நிறுத்தி வச்சு எடுத்தார். உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார்."

மகள் ஆவி பறந்த கப்பைப் பார்த்தாள்.

"அத்தனை மாசமும் நான் பேசுவேன், அவர் வாயைப் பார்த்து நான் புரிஞ்சுக்குவேன். வீட்ல என் சத்தம் மட்டும்தான்." எதிர் நாற்காலியைப் பார்த்தாள். "அவர் போனப்புறம் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல. அப்பவும் வீடு இப்படித்தான் இருந்துச்சு."

கத்திரி தன் வாழ்நாளில் கேட்டதிலேயே பயங்கரமான வார்த்தை அதுதான் என்று பிறகு மனைவியிடம் சொன்னார். அந்த நேரத்தில் அவருக்கு வேலை ஒன்றுதான் பிடிமானமாக இருந்தது. "அந்தப் பழைய போன் இருக்காம்மா?" என்று கேட்டார்.

அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது. சார்ஜில் போட்டதும் உயிர் வந்தது. கடையில் மாற்றிக் கொடுத்தவர் படத்தைப் பிரித்து எடுத்து, புரியாத சத்தத்தை அப்படியே விட்டுவிட்டிருந்தார். ஒரிஜினல் உள்ளேயே கிடந்தது. லேப்டாப்பில் இழுத்து, சத்தத்தைப் புரிகிற வடிவத்துக்கு மாற்றினார். கொட்டும் மழை கேட்டது. ஃபேன் கேட்டது. இதெல்லாம் கேட்டதும் அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"டீ ஆறிடும், குடிங்க." விசில் இல்லாத அம்மாவின் குரல். அப்பாவின் வாய் அசைந்தது. இரைச்சல் மட்டும் வந்தது.

இத்தனை வருஷப் பழக்கம் சும்மா இருக்குமா? இரைச்சலைக் கண்டதும் கத்திரியின் கை தானாகப் போனது. யாரும் பேசாத துண்டு எது என்று தேடி, அப்பா வாயசைக்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்து, குப்பை என்று காட்டி, துடைக்கும் பொத்தானை அழுத்தினார். மழை போனது. ஃபேன் போனது. அறை பளிச்சென்று ஆனது.

"தம்பி, என்ன பண்ணீங்க?" அம்மா மேசையைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தாள். "எதை அழிச்சீங்க? அங்க அவர் பேசிட்டிருந்தாரே!"

கத்திரிக்கு அப்போதுதான் புரிந்தது. குரல் இல்லாதவன் பேச்சு காற்றுதான். மெஷினுக்கு அது ஃபேனுக்குத் தம்பி, மழைக்குப் பங்காளி. ஒரு மனிதனின் பேச்சையே எடுத்து, இதுதான் குப்பை, இது எங்கே இருந்தாலும் கூட்டிப் பெருக்கு என்று அவரே சொல்லிக் கொடுத்திருக்கிறார். நல்லவேளை, போனில் இருந்ததைத் தொடவில்லை, பிரதியைத்தான் துடைத்திருந்தார். செய்ததைத் திரும்பப் பெற்றார். இரைச்சல் முழுசாகத் திரும்பி வந்தது. துடைக்காமல் அப்படியே மகளின் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். முதலில் முகத்தில் ஒன்றும் இல்லை. பிறகு புருவம் அசைந்தது. மழைக்குள்ளிருந்து ஒரு ஆளைத் தேடி எடுக்கிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகத் தலை முன்னால் வந்தது. 'அவகிட்டப் பேசுங்களேன்' என்று அம்மா கேட்கும் இடம் வந்தது. திரையில் அவர் உதடு அசைய அசைய, ஹெட்போன் இல்லாத அம்மா அதைப் பார்த்தே சொல்லிக்கொண்டு வந்தாள்.

"என் குரலை இப்படிக் கேட்டா பயந்துடுவா. வேலைய விட்டுட்டு வந்து நிப்பா. சண்டை போட்டு வாங்கின வேலை. கொஞ்சம் குரல் வரட்டும், நானே கூப்பிடுறேன்."

மகள் கண்ணைத் திறந்தாள்.

"கூப்பிட்டார்."

"யாரு?"

"அப்பா. அவர் போன்லருந்து சாயங்காலத்துல வரும். எடுத்தா ஒண்ணுமே கேக்காது. ஹலோ ஹலோன்னு கத்துவேன். கடைசியா வந்தப்ப, பேசப் பிடிக்கலைன்னா எதுக்குக் கூப்பிடுறீங்கன்னு கேட்டு வச்சுட்டேன்."

அம்மா மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். "எங்கிட்டச் சொல்லவே இல்லையே" என்றாள், மகளிடமா எதிர் நாற்காலியிடமா என்று தெரியவில்லை.

மகள் கத்திரியின் பக்கம் திரும்பினாள். "போன்ல அவர் பேசியிருப்பாரா சார்?"

அவருக்குப் பதில் தெரியும். போனுக்குள்ளும் அதே துடைப்பம் இருக்கிறது. பேசுகிறவர் குரலை வைத்துக்கொண்டு, மூச்சு, காற்று, இரைச்சல் எல்லாவற்றையும் வழியிலேயே பெருக்கித் தள்ளிவிடும். தெரியாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். இந்த வீட்டில் ஏற்கனவே இரண்டு பேர் நல்லதுக்கென்று மறைத்திருந்தார்கள்.

"பேசியிருப்பார்ம்மா" என்றார். "போன்தான் அதைச் சத்தம்னு எடுத்துக்கல."

அவள் தலையாட்டினாள். அப்பாவின் நாற்காலியை இழுத்து அதில் உட்கார்ந்து, ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"முதல்லருந்து போடுங்க சார்."

போட்டார். கத்திரிக்கும் அம்மாவுக்கும் இப்போது எதுவும் கேட்கவில்லை. திரையில் அவர் வாய் அசையும்போதெல்லாம் அவள் குனிந்து, "ம்… சொல்லுங்கப்பா… கேக்குது… கேக்குதுப்பா," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.